பாவடியில் நடந்த டிரில் வகுப்பு

"போச்சாது உடுங்க டீச்சர்."

இந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை சுடும். கொங்குப் பக்கத்தில் 'போனால் போகட்டும்' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். ஊரார் சொன்னால் ஒரு மாதிரி. எங்கள் டிரில் டீச்சர் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் நடந்த வருஷங்களில் சேலத்தில் ஒரு பெண்கள் காலேஜில் நான் தமிழ் டீச்சராக இருந்தேன். ஹாஸ்டலிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் பாதி எனக்கு, பாதி டிரில் டீச்சருக்கு. நான் ஆத்தூர்ப் பக்கம், கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். அவள் திருச்செங்கோட்டுப் பக்கம், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. சென்னைக்குப் போய்த் தேகப்பயிற்சியில் முறையாகத் தேறி வந்தவள். நெடுநெடுவென்ற உயரம், ஆட்டத்தில் எந்தப் பந்தும் அவளைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் மைதானத்தை விட்டு வெளியே வந்தால் யார் வேண்டுமானாலும் அவள் தலையில் மிளகாய் அரைக்கலாம். அரைத்தார்கள்.

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. காலேஜில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாட்ச்மேன்கூட 'டிரில்லு' என்றுதான் சொல்வான். டீச்சர்கள் அறையில் அவளுக்கு ஒரு முக்காலி இருந்தது. எங்களுக்கெல்லாம் நாற்காலி, அவளுக்கு முக்காலி. அதையும் ஒருநாள் லைப்ரரியில் மேல்தட்டுப் புத்தகம் எடுக்க வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"ஏன் டீச்சர், போய்க் கேளுங்களேன். நீங்க என்ன வேலைக்காரியா?" என்றேன்.

"நின்னுக்கிட்டே செய்யற வேலைதானுங்களே நம்முளுது. போச்சாது உடுங்க டீச்சர்."

வருஷக் கடைசியில் குரூப் போட்டோ எடுக்க ஆள் வந்தான். எல்லாரையும் நிற்க வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவன், ஓரத்தில் ஒருவர் அதிகம், அடங்கவில்லை என்றான். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னே அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டாள். அந்தப் படத்தில் சமையல்காரி இருக்கிறாள், தோட்டக்காரன் இருக்கிறான், காலேஜை நடத்திய கமிட்டியின் செக்ரட்டரி வீட்டு நாய்கூட இருக்கிறது. டிரில் டீச்சர் இல்லை. அன்றைக்கு நான் அவளோடு பேசவே இல்லை. என் கோபம் போட்டோக்காரன் மேலா, அவள் மேலா என்று எனக்கே புரியவில்லை.

ஒரே ஒரு தடவை அவள் வேறு மாதிரி நடந்துகொண்டதைப் பார்த்தேன். மைதானத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். விசாரித்தால், சிக்கனம் என்று சொல்லிக் காலைக் கஞ்சியை நிறுத்தியிருந்தார்கள். டிரில் டீச்சர் நேரே சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள். கத்தவில்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டவுமில்லை. சமையல்காரி உலை வைத்துக் கஞ்சி காய்ச்சி, எல்லாப் பிள்ளைகளும் குடித்து முடிக்கிற வரைக்கும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் அவள் வரும்போதே கஞ்சி தயாராக இருந்தது. இவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று எனக்கு ஆச்சரியம். அப்படியானால் முக்காலிக்கு ஏன் போய் நிற்கவில்லை என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய அநியாயம் மைதானத்தில் நடந்தது.

காலேஜுக்குப் பின்னால் நல்ல சமதரை. ரிங் டென்னிஸ், த்ரோபால் ஆட, மர டம்பெல்ஸ் பிடித்து வரிசையாக நிற்க, ஓட, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. யுத்தகாலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதுதான் சாக்கு, செக்ரட்டரி பாதி மைதானத்துக்கு முள்வேலி அடித்துக் கத்தரி நட்டார். டிரில் பீரியடில் பிள்ளைகள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும்.

"தண்ணி சுமக்கிறதும் எக்ஸர்சைஸ்தானேம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் இவள்.

ஆறு மாதத்தில் மீதிப் பாதியும் போயிற்று, அதில் மக்காச்சோளம். பிஞ்சுக் கத்தரியெல்லாம் கூடை கூடையாக வண்டியில் ஏறிச் செக்ரட்டரி வீட்டுக்குப் போகும். ஹாஸ்டல் குழம்பில் பூச்சி விழுந்தது மட்டும் மிதக்கும். நாட்டுக்காகப் பயிர் செய்தாராம்! எனக்கு வயிறு எரிந்தது. கிணற்றுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு முழத் துண்டு மிச்சம் இருந்தது. அதில் பிள்ளைகளை நிறுத்திக் கையைத் தூக்கு, கையை இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள் டிரில் டீச்சர்.

"உங்க வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? மைதானம் இல்லாம டிரில் டீச்சர் எதுக்குன்னு நாளைக்கு உங்களையே அனுப்பிடுவாங்க" என்று கத்தினேன்.

"அவுங்க எடம், அவுங்க எடுத்துக்கிட்டாங்க. நாம வேற எடம் பாக்கலாமுங்க டீச்சர்."

பார்த்தாள். காலேஜுக்குப் பின்புறம் நெசவாளர் தெரு. தெரு முடிகிற இடத்தில் அவர்களுடைய பாவடி, நூல் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற பொதுவிடம். சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் புளியமரம், நடுவே கோடு கிழித்த மாதிரி நேரான தரை. நூலில் கல் உரசக்கூடாது என்று தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். விடியற்காலையில் பாவு விரித்தால் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். சாயங்காலம் காலியாகத்தான் கிடக்கும். ஓடுவதற்கு அதைவிட நல்ல தரை சேலம் ஜில்லாவிலேயே கிடையாது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பாவடியில் பெரிய மனுஷியாக இருந்த ஓர் அம்மாளிடம் கேட்டாள். கையெல்லாம் கஞ்சி, காதில் தண்டட்டி ஆட அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடறதுக்கா எடம் கேக்கறீங்க? நாங்க பொறந்ததுலருந்து இந்தப் பாவுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகிட்டுத்தான் இருக்கோம். எங்களை ஒருத்தரும் காலேஜுல சேக்கலையே!" என்று சிரித்தாள். "ஓடுங்க தாயி, ஓடுங்க. பாவு கெடக்கறப்ப மட்டும் கிட்ட வராதீங்க."

காலேஜிலும் தடை சொல்லவில்லை. இரண்டு டீச்சர்கள் கூடப் போக வேண்டும், பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாகவே வர வேண்டும் என்றார்கள். இரண்டாவது டீச்சர் நான். சாயங்காலமானால் பிள்ளைகள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். நெசவாளர் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று, "அந்தக் குட்டச்சியப் பாருடி!" என்று கூவுவார்கள். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுரை நோட்டுத் திருத்துவேன். அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன.

ஓடிய பிள்ளைகளில் செல்லாயி ஒருத்தி. நாமக்கல் பக்கத்தில் காடு கழனி வைத்திருந்த குடியானவர் வீட்டுப் பெண். வயசுக்கு வந்த வருஷமே கல்யாணம், அடுத்த வருஷமே தாலி போயிற்று. வெள்ளைச் சேலை. எத்தனையோ கெஞ்சிய பிறகு அண்ணன்காரன் கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்த அன்றைக்கே எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஏதாச்சும் ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே வண்டி கட்டிக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்பறம் அவ ஊட்டை உட்டு வெளிய வரமாட்டா." அவன் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் செல்லாயி விளையாட வரவில்லை. தன்னைப் போன்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டிரில் டீச்சர் அவளை வற்புறுத்தவில்லை. "இந்தக் கயித்தைப் புடி சாமி", "அந்த ரிங்கை எடுத்துக் குடு கண்ணு" என்று ஏவிக்கொண்டே இருந்தாள். எடுத்துக் கொடுக்க ஓடியவள் ஒருநாள் நிற்காமல் ஓடினாள். அடேயப்பா, அந்த ஓட்டம்! இங்கிலீஷ் டீச்சரின் செல்லப்பிள்ளைகளெல்லாம் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, வெள்ளைச் சேலை மட்டும் பாவடிக் கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையெல்லாம் மழை மூட்டம். வெயில் இல்லாததால் மத்தியானத்துக்கு மேல்தான் பாவு விரித்தார்கள். நாங்கள் போனபோது பாவு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் ஈரம். டிரில் டீச்சர் எல்லாரையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள்:

"இன்னைக்கு யாரும் ஓட வேண்டாஞ் சாமிகளா. பாவு கெடக்குது. மரத்தடியில கும்மியடிச்சுட்டுப் போயிரலாம்."

என் காதால் கேட்டேன். எல்லாரும் கேட்டார்கள். செல்லாயியும் கேட்டாள். ஆனால் எவளோ ஒருத்தி, ஈரத்தில் உன்னால் ஓட முடியுமா என்று அவளைச் சீண்டிவிட்டாள். டிரில் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் செல்லாயி ஓடிவிட்டாள். திரும்புகிற இடத்தில் கால் வழுக்கிற்று. பாவைத் தாங்கிக் குறுக்கே நிறுத்தியிருந்த மூங்கில்மேல் போய் விழுந்தாள். மூங்கில் சாய்ந்தது, பாவு ஒரு பக்கமாகச் சேற்றில் இறங்கிற்று. இழைகள் அறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஐயோ எம் பாவே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள் தண்டட்டி அம்மாள். "கண்ணு பொடனியிலயாடி இருக்கு உனக்கு?" என்று கையை ஓங்கியவள், முழங்காலில் ரத்தம் வழிய எழுந்து நின்றவளைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. தன் முந்தானையாலேயே ரத்தத்தைத் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என்னா வேடிக்கை பாக்கறீங்க? வாங்கடி எல்லாரும். அறுந்தா முடிக்கணும், எங்க பொழைப்பே அதுதான். உக்காந்து முடிங்க."

பிள்ளைகள் எல்லாரும் பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சேற்றைத் துடைத்து, அறுந்த இழையைத் தேடி எடுத்து, அந்தப் பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக முடிந்தார்கள். டிரில் டீச்சர் முடிந்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டே இருந்தது. "நீங்க பீப்பீ ஊதுங்க தாயி, அது போதும்" என்று அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாவு மறுபடி மூங்கிலில் ஏறிவிட்டது. போகும்போது எங்களுக்கெல்லாம் பொரி கொடுத்தார்கள். நஷ்டப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் அதோடு முடித்துவிட்டார்கள்.

காலேஜ் முடிக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் செக்ரட்டரி கூப்பிட்டுவிட்டார். பிரின்ஸிபால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருல நூல் கிடைக்காம நெசவாளி பட்டினி கிடக்கிறான். அவன் வயித்துல அடிக்கலாமா?" என்று ஆரம்பித்தார் செக்ரட்டரி.

சொன்னது யார்? நூல் மண்டிக்காரர்! அவருடைய கிடங்கில் சிப்பம் சிப்பமாக நூல் பதுங்கிக் கிடந்தது கடைவீதி முழுக்கத் தெரியும். அவர் நெசவாளிக்காகக் கண் கலங்குகிறார், நாங்கள் நின்று கேட்க வேண்டும்! என் நாக்கு துடித்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதோ பாரும்மா. நீங்க ஓடாதேன்னு சொல்லியும் அந்தப் பொண்ணு மீறி ஓடிச்சுன்னு கேள்விப்பட்டேன். தாலியறுத்துட்டு நிக்கிற பொண்ணு தெருவுல தார்ப்பாய்ச்சிக் கட்டி ஓடிச்சுன்னு ஊரே சிரிக்குது. அவ மீறினான்னு நீங்க சொல்லிட்டாப் போதும். அண்ணனை வரச்சொல்லி அனுப்பிடலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது உண்மையைத்தானே! மைதானத்தையே 'ஆமாங்க' என்று கொடுத்தவள், உண்மைக்கு ஓர் 'ஆமாங்க' சொல்ல மாட்டாளா?

"இல்லைங்க. நாந்தானுங்க ஓடச் சொன்னேன்" என்றாள்.

"ஈரத்தரைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானுங்க."

"பாவு கிடக்கிறது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "தமிழ் டீச்சர், நீங்களும் அங்கே இருந்தீங்களே. நீங்க சொல்லுங்க."

வாயைத் திறந்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் யாரையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. சமையல்காரி என்ன பாடு பட்டிருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"நோட்டுத் திருத்திக்கிட்டிருந்தேன். கவனிக்கலை" என்றேன்.

அன்று மாலைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று உத்தரவு. அறைக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குப் பைத்தியமா? நீங்க ஓடாதேன்னு சொன்னது எனக்குத் தெரியாதா? இப்பவே போய்ச் சொல்றேன்."

அவள் டிரங்குப் பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லிப் போட்டீங்கன்னா நாளைக்கு அந்தப் புள்ளைய வண்டியில ஏத்திருவாங்க டீச்சர். அப்பறம் அவ வெளிச்சத்தையே பாக்கமாட்டா."

"உங்க கதி?"

"எனக்குக் காலு இருக்குதுங்க, கையி இருக்குதுங்க. எங்கியாச்சும் பொழைச்சுக்குவேன்."

"முக்காலியைக் கொடுத்தீங்க, மைதானத்தைக் கொடுத்தீங்க. எதையுமே கேக்காத ஆளு, இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்தது இந்தப் பிடிவாதம்?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அதெல்லாம் என்ரதுங்க டீச்சர். என்ரதுன்னா போச்சாது. இது அந்தப் புள்ளையதுங்களே. அதை நான் எப்படிங்க குடுக்கறது?"

யாரிடமும், முக்கியமாகச் செல்லாயியிடம், சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த சாயங்காலக் கரி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். வழியனுப்ப நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் காலையில், பிள்ளைகளெல்லாம் தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, பாவடிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலேஜ் வாசலில் வந்து நின்றார்கள். எப்படியோ விஷயம் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. "எங்களுக்கு ஒரு பிராதும் இல்லை, அந்த டீச்சரம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்ல வந்தோம்" என்றாள் தண்டட்டி அம்மாள். வாட்ச்மேன் கதவைத் திறக்கவில்லை. யாருடைய வயிற்றில் அடித்ததாகச் சொல்லி அவளைத் துரத்தினார்களோ, அவர்களே வந்து நிற்கிறார்கள், உள்ளே விட ஆளில்லை! செக்ரட்டரிக்கு நேரம் இல்லையாம். அந்த வாசலில் நின்று நான் போட்ட சத்தம் நெசவாளர் தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் நானும் அந்த வேலையை விட்டேன். திருச்செங்கோட்டுக்கு இரண்டு தடவை போய் அவளைத் தேடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஒருவர் ஈரோடு என்றார், ஒருவர் கோயமுத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் பார்த்ததாகச் சொன்னார்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஜேடர்பாளையம் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் செல்லாயி டீச்சராக இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். அதே வெள்ளைச் சேலைதான். ஆனால் நிமிர்ந்து நின்றாள். பையன்களையும் பெண்பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"வாங்க டீச்சர், வாங்க! இந்த வெளையாட்டு எடத்துல நெல்லடிக்கக் களம் போடோணும்னு ஊர்க்காரங்க கேட்டாங்க. ஒரு அடி குடுக்க மாட்டேன்னு சண்டை போட்டு நிறுத்திப் போட்டேனுங்க" என்றாள் பெருமையாக. "நம்ம டிரில் டீச்சரை நெனைச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்தரமா வருதுங்க. அன்னைக்குக் கத்தரிக்காய் போட்டப்பவே எதுத்து ஒரு வார்த்தை கேட்டாங்களா? கடைசியில எங்களையும் நடுவுல உட்டுப்போட்டு ஊருக்குப் போயிட்டாங்க. வாயே இல்லாத சென்மமுங்க அது."

நான் அவளைத் திட்டிய அதே திட்டுத்தான், வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் இந்த வாயிலிருந்து அதைக் கேட்க என்னால் முடியவில்லை. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! அங்கேயே, அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். செக்ரட்டரி கேட்டது, அவள் சொன்ன 'தெரிஞ்சுதானுங்க', டிரங்குப் பெட்டி, கரி பஸ், எல்லாம்.

செல்லாயி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு பையன், "டீச்சர், ஓடலாங்களா?" என்று கேட்டான். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"ஓடாதேன்னு சொன்னாங்களே டீச்சர்" என்றாள். "நாந்தானுங்களே ஓடுனேன்."

"ஆமாம்."

"இப்ப எங்கீங்க இருக்காங்க?"

"தெரியாது" என்றேன். "இத்தனை வருஷத்துல என்கிட்ட அதைக் கேட்ட முதல் ஆள் நீதான்."